டீ டைம்ல மட்டும் பேசுன சென்சார்

போன வாரம் ஒரு சேல்ஸ் தம்பி வந்திருந்தாரு. ஒயர்லெஸ் சென்சார் விக்கறவரு. லேப்டாப்பத் தொறந்து வெச்சுப் பொறுமையா விளக்குனாரு. பாய்லர் பிரஷர், கம்ப்ரஸர் காத்து, தொட்டி மட்டம் எல்லாமே கம்பி இல்லாம ஆபீஸ் ஸ்கிரீனுக்கு வந்துருமாம்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, பக்கத்துல யாராச்சும் ஜாமர் போட்டா என்ன ஆகும்?"

"எங்களுது 128 பிட் என்க்ரிப்ஷன் சார். யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

அங்கதாங்க எனக்குச் சுருக்குன்னு ஆச்சு.

என்க்ரிப்ஷன்ங்கறது கடுதாசிய உறையில போட்டு அரக்கு முத்திரை வெக்கற மாதிரி. நடுவுல யாரும் பிரிச்சுப் படிக்க முடியாது, திருத்தி எழுத முடியாது. வேண்டிய விஷயந்தான். ஆனா நான் கேட்டது வேற. தபால்காரர் வர்ற தடத்துலயே முள்ள வெட்டிப் போட்டா என்ன பண்றதுன்னு கேட்டேன். கடுதாசியே வரலைன்னா முத்திரை இருந்து என்ன, இல்லாட்டி என்ன?

அவரு மேல கோவமில்லீங்க. அவருக்குச் சொல்லிக் குடுத்தத அவரு சொல்றாரு. ஆனா அந்த ஒரு வார்த்தைய நம்பி எங்கயோ ஒரு பாய்லர்ல மாட்டியிருப்பாங்கன்னு நெனச்சாத்தான் மனசு கேக்கல. ஏன்னா எங்க யூனிட்டுலயே இப்படிச் சேதி வராமப் போச்சு. அத முழுசா எழுதிரலாம்னு இன்னிக்கு உக்காந்துட்டேன். (கொஞ்சம் நீளமாப் போகும். ஒரு டீ போட்டுட்டு வந்து படிங்க. டீக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இருக்கு.)

எங்களுது திருப்பூர்ல பல்லடம் ரோட்டுப் பக்கம் ஒரு நிட்டிங் யூனிட். கூடவே ஒரு காம்பாக்டிங் மிஷின், அதுக்கு ஸ்டீம் குடுக்க ஒரு சின்ன பாய்லர். நூல் குடோன் பின்னாடி, காம்பவுண்ட் சுவத்த ஒட்டி இருக்கு. ரெண்டு வருஷம் முன்னாடி ஒன்பது சென்சார் பெட்டி மாட்டுனோம். குடோன்ல ஈரப்பதம், கம்ப்ரஸர்ல காத்து அழுத்தம், மோட்டார்ல சூடு, தொட்டியில தண்ணி மட்டம். எல்லாமே லோராங்கற ஒயர்லெஸ் முறை. 865 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துல ஓடறது. அந்த இடத்துல சின்ன பவர்ல பேசறதுக்கு நம்ம நாட்டுல லைசென்ஸ் வேண்டாம். 2005லயே தொறந்து விட்டுட்டாங்க. அதனாலதான் விலையும் கம்மி, எல்லாரும் அங்கயே வந்து நிக்கறோம்.

பனியன் தொழில்ல இல்லாதவங்களுக்காக ஒண்ணு சொல்லிர்றேன். நூல் குடோன்ல ஈரத்த ஏன் அளக்கறோம்? பருத்தி காத்துல இருந்து ஈரத்த இழுத்து உள்ள வெச்சுக்கும். காத்துல 65 சதவீத ஈரப்பதம் இருந்தா, நூறு கிலோ காஞ்ச பருத்தி சுமார் எட்டரை கிலோ தண்ணியச் சுமக்கும். ரொம்பக் காஞ்சா நூல் மிஷின்ல அறுந்துட்டே இருக்கும், பஞ்சு பறக்கும். ரொம்ப நனைஞ்சா பேப்பர் கோன் நைஞ்சு போயிரும், பூஞ்சை கறை விழும், சாயம் திட்டுத்திட்டா ஏறும்.

அக்டோபர்ல ஒரு வியாழக்கிழமை. சாயங்காலம் ஆறரைக்கு இடியோட மழை. குடோன் கூரையில ஒரு ஷீட்டு நட்டு கழண்டு, தண்ணி நேரா நூல் மூட்டை மேல.

உள்ள ஆள் இல்ல. நான் ஆபீஸ்லதான் இருக்கேன். ஸ்கிரீன்ல குடோன் கட்டம் பச்சைக் கலர்ல 63ன்னு காட்டுது. மழை பலக்குதேன்னு இன்னொரு தடவ பாத்தேன். 63. பச்சை.

8.34க்கு போன்ல அலாரம் அடிச்சுது. 97.

ஓடிப் போய்ப் பாத்தா பதினோரு மூட்டை நனைஞ்சு கெடக்கு. முப்பதாம் நம்பர் கோம்டு நூல். ரெண்டு மணி நேரமா ஊறியிருக்கு. ஸ்கிரீன் அந்த ரெண்டு மணி நேரமும் பச்சைதான்.

எனக்கு நூல் போனதவிட அந்தப் பச்சைதாங்க ஆறவே இல்ல.

ராத்திரியே தோண்ட ஆரம்பிச்சேன். அந்த 63 எப்ப வந்ததுன்னு பாத்தா, சாயங்காலம் 4.12க்கு வந்தது! அதுக்கப்புறம் சென்சார் ஒரு வார்த்தை பேசல. கடைசியா வந்த நம்பரையே ஸ்கிரீன் புடிச்சு வெச்சுட்டு நின்னிருக்கு. சேதி வந்து நாலு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னு எங்கயும் சொல்லல.

சரி, பேட்டரிதான்னு நெனச்சேன். பாத்தா அதுவும் மூணு வாரத்துல மடமடன்னு எறங்கியிருக்கு. ராத்திரி ஒன்பது மணிக்குப் புது பேட்டரி போட்டேன். உடனே ஜம்முன்னு பேச ஆரம்பிச்சுது. முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன்.

காலையில திரும்ப ஊமை.

அப்ப ஆண்டெனா உயரம் பத்தலன்னு முடிவு பண்ணுனேன். ஞாயித்துக்கிழமை இருபதடி ஜிஐ பைப்பு நட்டு, சென்சார் சேதிய வாங்கற கேட்வேயோட ஆண்டெனாவ மேல ஏத்துனேன். ஞாயிறு பூரா ஒரு சேதிகூட விட்டுப் போகல. திங்கக்கிழமை காலையில எட்டரைக்கு மறுபடியும் போச்சு.

அடுத்து சந்தேகம் எங்க மிஷின் மேலயே. மோட்டார் வேகத்தக் கட்டுப்படுத்தற டிரைவ் இருக்கே, அது கண்டபடி ரேடியோ இரைச்சல் கிளப்பும். அதனால காம்பாக்டிங்க நிறுத்தினேன், மாற்றம் இல்ல. நிட்டிங் மிஷின ஒவ்வொண்ணா நிறுத்திப் பாத்தேன், அப்பவும் இல்ல. (உற்பத்திய நிறுத்தி சோதனை பண்றது எவ்வளவு வயித்தெரிச்சல்னு மிஷின் வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்.)

கடைசியாத்தான் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதச் செஞ்சேன். மூணு வார சேதிகள, வந்த நேரத்தோட பேப்பர்ல வரிசையா எழுதுனேன்.

எழுத எழுத உடம்பு சிலிர்த்துப் போச்சுங்க.

காலையில எட்டரைக்கு நிக்குது. பதினோரு மணிக்கு ஒரு பத்து நிமிஷம் வருது. திரும்ப நிக்குது. மத்தியானம் ஒரு மணி நேரம் வருது. நாலு மணிக்கு ஒரு பத்து நிமிஷம். ராத்திரி எட்டரைக்கு அப்புறம் விடிய விடிய வருது. ஞாயித்துக்கிழமை முழுசா வருது.

திருப்பூர்ல பொறந்தவனுக்கு இத விளக்கணுமா? டீ டைம், சாப்பாட்டு டைம், மறுபடி டீ டைம், ஒன்றரை ஷிப்ட் முடியற நேரம். எட்டரைக்கு எட்டரை!

ஆனா எங்க நிட்டிங் மிஷின் டீக்கு நிக்காது. ஆளுங்க மாறி மாறிப் போய்க் குடிச்சுட்டு வருவாங்க, மிஷின் ஓடிட்டே இருக்கும். மணி அடிச்சதும் மொத்தமா எந்திரிச்சுப் போறது கார்மெண்ட் கம்பெனியிலதான். பவர் டேபிள்னு சொல்ற தையல் லைன்ல. எங்க குடோன் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கார்மெண்ட் கம்பெனி.

எங்க வாட்ச்மேன் ஐயா ரெண்டு வாரமாச் சொல்லிட்டிருந்தாரு, "குடோன் பக்கம் டவரே கெடைக்கறதில்லீங்"னு. அந்தப் பேச்ச நான் அப்பவே காதுல வாங்கியிருக்கணும்.

கம்ப்யூட்டர்ல டிவி பாக்கறதுக்குன்னு செஞ்ச ஒரு யூஎஸ்பி ரிசீவர் இருக்கு, கட்டை விரல் அளவுதான். அதுல வேற சாஃப்ட்வேர் போட்டா 24ல இருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் காத்துல என்ன ஓடுதுன்னு படமாப் பாக்கலாம். சில ஆயிரம் ரூபாய்க்குக் கெடைக்குது. அத லேப்டாப்புல குத்திட்டு குடோனுக்குப் போனேன். சும்மா இருக்கற நேரத்துல படம் கருநீலமா இருக்கும், நடுவுல நம்ம சென்சார் சின்னதா ஒரு சாய்கோடு கிழிச்சுட்டுப் போகும். அன்னிக்கு 865க்குக் கீழ இருந்து மேல வரைக்கும் ஒரே மஞ்சள் பாய் விரிச்ச மாதிரி. டீ மணி அடிச்சுது. பாய சுருட்டிட்டாங்க. பத்து நிமிஷம் கழிச்சுத் திரும்ப விரிச்சாங்க.

எந்தத் திசைன்னு பாக்கறதுக்கு ஒரு எளிய வழி. ஆண்டெனாவ நெஞ்சோட ஒட்டிப் புடிச்சுட்டு மெதுவா ஒரு சுத்து சுத்தணும். நம்ம உடம்பே ஒரு தடுப்பு. எப்ப இரைச்சல் குறையுதோ அப்ப நம்ம முதுகு இருக்கற பக்கந்தான் மூலம். நாலு இடத்துல நின்னு சுத்துனேன். நாலு தடவையும் முதுகு அந்தச் சுவத்துப் பக்கந்தான் இருந்துச்சு.

இங்க கொஞ்சம் நிக்கறேன். ஜாமிங்னா என்னன்னு சொல்லிட்டுப் போகலாம்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனுக்குள்ள போயிருக்கீங்களா? உள்ள யாரும் யாரையும் பேச விடாமத் தடுக்கறதில்ல. தறி ஓடுது, அவ்வளவுதான். நீங்க தொண்டை கிழியக் கத்துனாலும் பக்கத்துல இருக்கறவருக்கு வாய் அசையறதுதான் தெரியும். ஜாமர் அந்தத் தறிச் சத்தம். அது உங்க ரகசியத்தத் திருடறதில்ல, பாஸ்வேர்ட உடைக்கறதில்ல. கேக்கறவன் காத அடைச்சு விட்டுருது.

இதுல ரகம் இருக்கு. அமெரிக்காவுல ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்துல வென்யுவான் ஷூவும் கூட இருந்தவங்களும் 2005ல ஒரு ஆய்வுக் கட்டுரை போட்டாங்க. சென்சார் நெட்வொர்க் ஜாமிங் பத்திப் பேசற யாரும் இன்னிக்கும் அதத் தொடாமப் போறதில்ல. நாலு விதமாப் பிரிச்சாங்க. ஓயாம இரைச்சல் போடறது ஒண்ணு. நெஜமான சேதி மாதிரியே வெத்துச் சேதிய அனுப்பிட்டே இருக்கறது ஒண்ணு. விட்டு விட்டுப் போடறது ஒண்ணு. நாலாவதுதான் மோசம். நீங்க வாயத் தொறக்கற வரைக்கும் கம்முன்னு இருக்கும், தொறந்ததும் குறுக்க இருமும். மத்த நேரத்துல சத்தமே இல்லாததால கண்டுபுடிக்கறது ரொம்பக் கஷ்டம்.

கண்டுபுடிக்கறதுக்கு அவங்க சொன்ன வழி எனக்கு ரொம்பப் புடிச்சுது. சேதி வரலைங்கறத மட்டும் வெச்சு ஜாமிங்னு சொல்ல முடியாது, பேட்டரி செத்திருக்கலாம், தூரம் அதிகமா இருக்கலாம். சத்தம் அதிகமா இருக்குங்கறத மட்டும் வெச்சும் சொல்ல முடியாது, பக்கத்துல பத்து பேர் பேசிட்டிருக்கலாம். ரெண்டையும் சேத்துப் பாக்கணும். சிக்னல் பலம் உச்சத்துல இருக்கு, ஆனா சேதி ஒண்ணுகூட ஒழுங்கா வரலைன்னா, அங்க ஏதோ தப்பு நடக்குது.

பேட்டரி ஏன் தீந்துச்சுங்கறதும் அப்பதான் புரிஞ்சுது. லோரா சென்சார் பதில் வரலைன்னா மெதுவா, இழுத்து இழுத்துப் பேச ஆரம்பிக்கும். நல்ல நாள்ல அதோட ஒரு சின்ன சேதி 60 மில்லிசெகண்ட்ல முடிஞ்சுரும். ரொம்ப மெதுவாப் பேசற நிலைக்குப் போனா அதே சேதிக்கு ஒன்றரை செகண்ட் ஆகும். இருபது மடங்குக்கு மேல. சத்தத்துக்கு நடுவுல கத்திக் கத்தியே அதோட உசுரு போகுது.

சரி, சுவத்துக்கு அந்தப் பக்கம்.

அந்தக் கம்பெனி அண்ணன எனக்குப் பத்து வருஷமாத் தெரியும். பேர் வேண்டாம். நேரா போய்ச் சொன்னேன். மறைக்கல அவரு.

"தம்பி, டெலிவரி தேதி கழுத்துல நிக்குது. பசங்க ஆளுக்கு ஒரு போன வெச்சுட்டு ரீல்ஸ் பாக்கறாங்க. ஒரு லைன்ல ஒருத்தன் நின்னா லைனே நிக்குது. ஆன்லைன்ல வாங்கி மாட்டுனேன். உங்க சென்சாருக்குப் போய் இது இடைஞ்சலாகும்னு எனக்கென்ன தெரியும்?"

அவரு கஷ்டம் எனக்குப் புரியாம இல்ல. கப்பல் தவறுனா சரக்க பிளைட்டுல அனுப்பணும், அதோட அந்த ஆர்டர்ல லாபம்னு ஒண்ணு இருக்காது. அவரு வாங்குனது மொபைல் ஜாமர். டவர்ல இருந்து போனுக்கு வர்ற அலைவரிசைதான் அதுக்குக் குறி. அதுல ஒண்ணு 869 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. எங்க சென்சார் 865, 866ல. பக்கத்து வீடு. விலை கம்மியான டப்பாவுக்கு எல்லை தெரியாது, வழிஞ்சு இந்தப் பக்கமும் ஊத்தும். என்னோட நூல நனைக்கணும்னு அவரு கனவுலயும் நெனைக்கல.

ஆனா நான் அவருகிட்ட நூலப் பத்தி அதிகம் பேசல.

"அண்ணா, உள்ள முந்நூறு பேரு இருக்காங்க. ஒருத்தருக்கு நெஞ்சு வலின்னா 108க்கு எப்படிங்ணா போன் போடுவீங்க? ஸ்கூல்ல கொழந்தைக்குக் காய்ச்சல்னு டீச்சர் கூப்பிட்டா அந்தப் புள்ளைக்கு எப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் எலெக்ட்ரீஷியனக் கூப்பிட்டாரு.

சட்டமும் சொன்னேன். தனியார் யாரும் ஜாமர் வெக்கக் கூடாது. மத்திய அரசு குறிப்பா அனுமதிச்சாத்தான் உண்டு. 2022 ஜூலையில தொலைத்தொடர்புத் துறை இத வெளிப்படையாவே அறிவிச்சுது, விக்கறதும் விளம்பரம் பண்றதும்கூடத் தப்புன்னு. 2023ல வந்த தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதியில்லாம இத வெச்சிருக்கறதக் குத்தம்னுதான் சொல்லுது. (அப்புறம் எப்படி ஆன்லைன்ல கெடைக்குதுன்னு கேக்கறீங்களா? நானும் அதேதான் கேக்கறேன்.)

இப்ப லைன் முனையில நம்பர் போட்ட மரப்பெட்டி வெச்சிருக்காரு. போன அதுல வெச்சுட்டுப் போகணும். மணி அடிச்சா சூப்பர்வைசர் எடுத்துக் குடுக்கறாரு.

இந்த மாதிரி ஒரு சம்பவம் அமெரிக்காவுல நெவார்க் ஏர்போர்ட்டுலயும் நடந்திருக்கு. ஒரு டிரைவர், கம்பெனி வண்டியில இருந்த ஜிபிஎஸ் தன்ன வேவு பாக்கறது புடிக்காம, ஒரு சின்ன ஜிபிஎஸ் ஜாமர சொருகிட்டு ஓட்டியிருக்காரு. ஏர்போர்ட் பக்கம் போனப்ப, விமானம் எறங்கறதுக்கு உதவற புதுக் கருவி அதுல கொழம்பிப் போச்சு. 2012ல ஆளப் புடிச்சாங்க. அடுத்த வருஷம் 31,875 டாலர் அபராதம். அவரு ஏர்போர்ட்டக் குறி வெக்கல, மொதலாளிகிட்ட இருந்து ஒளியணும், அவ்வளவுதான்.

நம்ம எல்லையிலயும் 2023 நவம்பர்ல இருந்து 2025 பிப்ரவரி வரைக்கும் அமிர்தசரஸ், ஜம்மு பக்கம் 465 தடவ விமானத்தோட ஜிபிஎஸ்ல குறுக்கீடு வந்துச்சுன்னு அரசாங்கமே நாடாளுமன்றத்துல சொல்லியிருக்கு. ஆனாலும் விமானங்க பறந்துட்டுத்தான் இருந்துச்சு. ஏன்னா பைலட்டுக்கு ஜிபிஎஸ் இல்லாம வழி கண்டுபுடிக்கற வேற கருவி இருக்கு. நம்ம யூனிட்டுல அந்த ரெண்டாவது வழி எங்க இருக்கு?

எனக்கு நெஜமான பயம் நூல் பத்தியில்ல. நொய்யல் ஆத்தப் பத்தி.

2011 ஜனவரி 28ஆம் தேதி உயர் நீதிமன்ற உத்தரவுல 700க்கு மேற்பட்ட சாயப்பட்டறைங்க மூடுனது ஊர்ல யாருக்கும் மறக்காது. அந்த ஆத்துல இருக்கற ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்குக் கட்டுனது, கடைசியில சாயத் தண்ணித் தொட்டியா நின்னத நான் பாத்திருக்கேன். அதுக்கப்புறந்தான் ஒரு சொட்டு கழிவுகூட வெளிய விடக் கூடாதுங்கறது நடைமுறைக்கு வந்துச்சு. 2014 பிப்ரவரியில மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகமா மாசு பண்ற 17 வகைத் தொழிலும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி மாட்டணும்னு உத்தரவு போட்டுச்சு. இன்னிக்கு ஆத்துக்குக் காவல் சென்சார்தான். அது அனுப்பற நம்பர நம்பித்தான் கீழ இருக்கற விவசாயி தூங்கறாரு.

அந்த நம்பர் பெரும்பாலும் ஒரு சிம் கார்டு வழியாப் போகுது. சிம்முக்கும் ஜாமருக்கும் என்ன உறவுன்னு இப்ப உங்களுக்குத் தெரியும். வேணும்னு செஞ்சாலும் சரி, பக்கத்துக் கம்பெனி அண்ணன் தெரியாமச் செஞ்சாலும் சரி, அந்த ரெண்டு மணி நேரம் ஆத்துக்கு யாரு சாட்சி? அதனால சேதி நின்னு போச்சுன்னா அதையே ஒரு சேதியா எடுக்கணும்னு நான் அடிச்சுச் சொல்றேன். எப்ப நின்னுச்சு, எப்ப வந்துச்சு, நடுவுல சென்சார் தனக்குள்ள எழுதி வெச்சது என்ன, எல்லாம் பதிவாகணும். அலை வராதப்பவும் சென்சார் அளந்துட்டே இருக்க முடியும், நினைவுல வெச்சுட்டு வழி தொறந்ததும் மொத்தமா அனுப்ப முடியும். பெரிய செலவெல்லாம் இல்ல.

எங்க யூனிட்டுல என்ன மாத்துனேன்னு கேக்கறவங்களுக்கு: முதல் வேலையா அந்தப் பச்சைய எடுத்தேன். சென்சார் பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா பேசணும். ரெண்டு தடவ பேசலைன்னா கட்டம் செகப்பு, நம்பரே காட்டாது, போன்ல அலாரம். குடோன் பெட்டிக்குள்ளயே ஒரு பஸ்ஸர் வெச்சாச்சு. ஈரம் ஏறுனா யார்கிட்டயும் கேக்காம அங்கயே கத்தும், வாட்ச்மேன் ஐயா காதுக்குப் போதும். கேட்வேயில ரேடியோ இரைச்சல் அளவையும் பதிவு பண்றோம். இரைச்சல் ஏறி சேதி எறங்குனா அது தனியாத் தெரியும்.

அலைவரிசைய மாத்தி மாத்திப் பேசலாமேன்னு ஒரு நண்பர் கேட்டாரு. நல்ல வழிதான். ஹெடி லமார்ங்கற சினிமா நடிகையும் ஒரு இசைக்கலைஞரும் 1942லயே அதுக்குக் காப்புரிமை வாங்குனாங்க, பியானோவுக்கு 88 கட்டை மாதிரி 88 அலைவரிசை. ப்ளூடூத் இன்னிக்கும் தாவிட்டேதான் இருக்கு. ஆனா நம்ம லோராவுக்கு நாட்டுல விட்டிருக்கற இடமே மூணு மெகாஹெர்ட்ஸ். நான் பாத்த அந்த மஞ்சள் பாய் அது பூராவும் மூடியிருந்துச்சு. எங்க தாவறது?

அதனால பாய்லருக்கு நான் அலைய நம்பறதா இல்ல. பாய்லர்ல சேஃப்டி வால்வு இருக்கு, அது யார்கிட்டயும் சிக்னல் கேக்காது. தண்ணி கொறைஞ்சா நெருப்ப நிறுத்தற கண்ட்ரோலும் கம்பியிலதான் இருக்கு, அப்படியே இருக்கட்டும். பிரஷர் அளவு ஆபீசுக்கு வர்றதையும் கம்பியிலயே கொண்டு வர்றோம். வர்ற ஞாயித்துக்கிழமை அறுபது மீட்டர் ஷீல்டு கேபிள் இழுக்கறோம், ஆர்எஸ்-485.

அந்த சேல்ஸ் தம்பியையும் வரச் சொல்லியிருக்கேன். லேப்டாப்பையும் யூஎஸ்பி ரிசீவரையும் எடுத்து வெச்சிருக்கேன், நான் சேத்து வெச்ச அந்த மஞ்சள் பாய் படத்த அவருக்குக் காட்டணும். கண்டிப்பா வர்றேன்னு சொல்லியிருக்காரு.